முதல் எது, வருமானம் எது: ஒரு டிரஸ்ட் நிர்வாக நிறுவனத்தின் கணக்குச் சேவை, நான்கு ஆண்டு அனுபவம்

என் அத்தையின் கணவர் எழுதிவைத்த குடும்ப டிரஸ்ட்டுக்கு அறங்காவலர்கள் இருவர். ஒருவர் நான், மற்றொன்று, இத்தகைய டிரஸ்ட்டுகளை நிர்வகிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம். பத்திரம் சொல்வது இவ்வளவுதான்: அத்தை உயிருடன் இருக்கும்வரை வருமானம் முழுவதும் அத்தைக்கு, அவர் காலத்துக்குப் பிறகு முதல், அதாவது அந்த வருமானத்தை ஈட்டும் மூலச் சொத்து, முழுவதும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கு. எது வருமானம், எது முதல் என்று பத்திரம் எங்கும் விளக்கவில்லை. அதைப் பிரித்துக் கணக்கு எழுதித் தருவதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. நான்கு ஆண்டுகளாக அந்த வேலையை வரி வரியாகப் பார்த்து வந்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அவர்களுடைய முதலீட்டுத் திறமையைப் பற்றியோ வாடிக்கையாளர் சேவையின் பணிவைப் பற்றியோ இங்கே பேசப்போவதில்லை. நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு காலாண்டும் அவர்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் விழுகிறது, தவறு நேர்ந்தால் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் டிரஸ்ட் அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே இந்தப் பிரிவினைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. மாநிலங்களுக்கான மாதிரிச் சட்டங்களை வரையும் ஆணையம் 1931இல் முதன்முறையாக ‘முதல் மற்றும் வருமானச் சட்டம்’ என்ற ஒன்றை வரைந்தது. 1962இலும் 1997இலும் அதைத் திருத்தி எழுதியது. 2018இல் வேறு பெயரில் மீண்டும் புதுப்பித்தது. எங்கள் கணக்குக்குப் பொருந்துவது 1997ஆம் ஆண்டு வடிவம். அதன் படிவரிசை தெளிவானது. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே எல்லாவற்றுக்கும் மேல். பத்திரம் வாய் திறக்காத இடத்தில் சட்டம் சொல்வது செல்லும். சட்டமும் சொல்லாத வரவு ஒன்று வந்தால் அதை முதலோடு சேர்த்துவிட வேண்டும். ஐயம் வந்தால் முதலின் பக்கம் சாய் என்பதே இதன் பொருள். அந்த நிறுவனத்தின் கணினியோ, தொடக்க ஆண்டில், ஐயம் வந்தபோதெல்லாம் வருமானத்தின் பக்கம் சாய்ந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் மாத அறிக்கையில் ஒற்றை வரி ஒன்று இருந்தது: ‘பரஸ்பர நிதி விநியோகம், 11,400 டாலர், வருமானம்.’ தொகை காலாண்டு முடிவில் அத்தையின் வங்கிக் கணக்குக்கும் போய்விட்டது. வழக்கமாக அந்த நிதியிலிருந்து இதில் நான்கில் ஒரு பங்குகூட வருவதில்லை என்பதால் நிதி நிறுவனம் அனுப்பிய மூல ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் மூன்று கூறுகள் இருந்தன. 2,150 டாலர் சாதாரண ஈவுத்தொகை. 1,050 டாலர் குறுகிய கால ஆதாயம். எஞ்சிய 8,200 டாலர், நிதி தன்னிடம் இருந்த பழைய பங்குகளை விற்றதில் கிடைத்த நீண்ட கால மூலதன ஆதாயம். பரஸ்பர நிதி பணமாகத் தரும் தொகை பொதுவாக வருமானமே என்றாலும், கூட்டாட்சி வரிச் சட்டப்படி மூலதன ஆதாய ஈவுத்தொகை என்ற வகையில் வருவதை முதலில்தான் வரவு வைக்க வேண்டும். குறுகிய கால ஆதாயம் அந்த வகைக்குள் வராது. வரிக் கணக்கில் அது சாதாரண ஈவுத்தொகையாகவே நடத்தப்படுவதால் வருமானத்துக்குப் போகிறது. ஆகவே அத்தைக்கு உரியது 3,200 டாலர். பிள்ளைகளின் முதலிலிருந்து 8,200 டாலர் அவருக்குக் கூடுதலாகப் போயிருந்தது.

இதை அத்தையிடம் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. “கையில பணமா வந்தா அது வருமானந்தானேடா, அதுல என்ன பழசு புதுசு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தென்னந்தோப்பில் தேங்காய் விற்ற பணமும் மரத்தை வெட்டி விற்ற பணமும் கையில் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது காய், எது மரம் என்பதைப் பணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். ஒப்புக்கொண்டார், ஆனால் அந்தப் பணத்தில் பாதி ஏற்கெனவே செலவாகியிருந்தது.

இதே அறிக்கையில் எதிர்த்திசையிலும் ஒரு தவறு இருந்தது. நிறுவனம் தன்னுடைய ஆண்டுக் கட்டணமான 9,000 டாலரை முழுவதுமாக வருமானத்தில் பற்று எழுதியிருந்தது. அறங்காவலரின் வழக்கமான ஊதியமும், முதலீட்டு ஆலோசனைக்கும் பாதுகாப்புக்கும் தரும் கட்டணமும் பாதிக்குப் பாதி என்பது சட்டத்தின் பொது விதி. எங்கள் பத்திரம் அதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. முதலைக் காப்பதற்கும் பெருக்குவதற்கும் செய்யும் வேலைக்கு அத்தை மட்டும் ஏன் முழுக்கூலி கொடுக்க வேண்டும்? ஆக, 4,500 டாலர் அத்தைக்குக் குறைவாகவும் 8,200 டாலர் கூடுதலாகவும் போயிருந்தன. ஒன்றைக் கழித்தால் 3,700 டாலர் அவரிடமிருந்து முதலுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டு தவறுகளும் ஒரே திசையில் இருந்திருந்தால் நிறுவனம் யாருக்கோ சாதகம் செய்கிறது என்று ஐயப்பட்டிருப்பேன். அப்படி இல்லை. கணினியில் யாரோ ஒருவர் ஒவ்வொரு வகை வரவுக்கும் செலவுக்கும் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுதிய கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தவறு என்று நேரடியாக ஒப்புக்கொண்டார்கள், சாக்குப்போக்கு எதுவும் இல்லை. இதை அவர்கள் பக்கத்தில் எழுத வேண்டும். ஆனால் திருத்தும் வழியாக, அடுத்த காலாண்டிலேயே முழுத்தொகையையும் பிடித்துவிடுவோம் என்றார்கள். அத்தையின் மாதச் செலவு அந்தப் பணத்தை நம்பி ஓடுகிறது என்பது எந்தப் பெட்டியிலும் பதிவாகவில்லை. நான் மறுத்ததும் காலாண்டுக்கு 925 டாலர் வீதம் நான்கு தவணையாகப் பிடித்தார்கள். நிறுவனத்தின் தவறுக்கு அத்தை தவணை கட்டினார் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

பாராட்ட வேண்டியவற்றுக்கு வருகிறேன். மாமா மார்ச் 20ஆம் தேதி காலமானார். டிரஸ்ட்டில் வாடகைக்கு விட்ட சிறிய கட்டடம் ஒன்று இருக்கிறது. மார்ச் 1ஆம் தேதி தர வேண்டிய வாடகை ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அதை முதல் கணக்கில் வைத்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி வாடகையை வருமானத்தில் வைத்தார்கள். பணம் எப்போது கைக்கு வந்தது என்பது இங்கே பொருட்டல்ல, எப்போது தர வேண்டியது என்பதே அளவுகோல். தவணை தேதி மரணத்துக்கு முந்தியது என்றால் அது முதலைச் சேரும். அதேபோல் குடியிருப்போர் கொடுத்த முன்பணத்தை வருமானமாக எழுதாமல் முதல் கணக்கில் தனியாக வைத்திருந்தார்கள். திருப்பித் தர வேண்டிய பணம் அது. இவ்வளவு நுணுக்கத்தைச் சரியாகச் செய்தவர்கள் பரஸ்பர நிதியில் எப்படிச் சறுக்கினார்கள் என்பது விளங்கவில்லை. கட்டடக் கணக்கை ஒரு மனிதர் பார்க்கிறார், முதலீட்டுப் பத்திரங்களின் கணக்கைக் கணினி பார்க்கிறது என்பது என் ஊகம்.

அந்தக் கட்டடத்தின் கூரை மூன்றாம் ஆண்டில் மாற்ற வேண்டியதாயிற்று. சாதாரணப் பழுதுபார்ப்பு, ஆண்டுதோறும் வரும் சொத்துவரி, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை வருமானத்தின் செலவு. கூரையையே புதிதாகப் போடுவது அந்த வகை அல்ல. அதன் பயன் அத்தையின் காலத்தைத் தாண்டியும் பிள்ளைகளுக்குத் தொடரும். நிறுவனம் அதை முதல் கணக்கில் பற்று எழுதியதோடு, இத்தகைய பெருஞ்செலவை முதலிலிருந்து செய்துவிட்டு வருமானத்தில் ஒரு பகுதியைச் சிறிது சிறிதாக முதலுக்கு ஈடுகட்டிக்கொள்ளச் சட்டம் அறங்காவலருக்கு விருப்புரிமை தருகிறது, அதைப் பயன்படுத்தலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கக் கடிதத்தில் இரு தரப்பு நியாயத்தையும் எழுதிக் கேட்டது. வேண்டாம் என்று முடிவுசெய்தோம். கட்டடத்தின் தேய்மானத்துக்காக வருமானத்திலிருந்து ஒரு தொகையை முதலுக்கு மாற்றுவதும் இதே போன்ற விருப்புரிமைதான். அதையும் கேட்டுவிட்டுத்தான் விட்டார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு வந்த கடிதங்களில் இதுவே தரமானது. அறங்காவலர் என்ற சொல்லுக்கு ஏற்ற வேலை.

மாமா எழுதிய பாடநூல் ஒன்றின் உரிமைத்தொகையும் டிரஸ்ட்டுக்கு வருகிறது. பதிப்புரிமை என்றாவது முடிந்துபோகும் சொத்து என்பதால் இதைத் தேய்ந்து தீரும் சொத்தாகச் சட்டம் கருதுகிறது; வரவில் 10 சதவீதம் மட்டுமே வருமானம், 90 சதவீதம் முதல். அத்தைக்கு இதில் வருத்தம். கணவர் எழுதிய புத்தகத்தின் பணம் தனக்கு வராமல் பெட்டிக்குள் போகிறதே என்றார். எனக்கும் இந்தப் பத்து சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கோடாகவே தோன்றுகிறது. ஆனாலும் விதி அதுதான், நிறுவனம் அதைச் சரியாகவே பின்பற்றியது. 90 சதவீதம் எரிந்துபோவதில்லை, முதலில் சேர்ந்து வட்டி ஈட்டி அந்த வட்டி அத்தைக்கே வருகிறது என்ற விளக்கத்தை மட்டும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கையில் அதற்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

போனஸ் பங்குகள் வந்தபோது இரு பிள்ளைகளில் மூத்தவன், அவை அம்மாவுக்குப் போகுமா என்று தொலைபேசியில் கேட்டான். போகாது, பணமல்லாத வடிவில் வரும் விநியோகம் முதலுக்கே. இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. பென்சில்வேனியா நீதிமன்றம் 1857இல், அந்த லாபம் எப்போது ஈட்டப்பட்டது என்று பின்னோக்கித் தேடி, டிரஸ்ட் தொடங்கிய பிறகு சேர்ந்த பகுதியை வருமானப் பயனாளிக்குத் தர வேண்டும் என்றது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1868இல், பணமாக வந்தால் வருமானம், பங்காக வந்தால் முதல், அதற்கு மேல் தோண்டாதே என்று முடித்துவிட்டது. முன்னது நியாயத்துக்கு நெருக்கமானது. பின்னது கணக்கு எழுதுபவருக்கு நெருக்கமானது. கடைசியில் நிலைத்தது பின்னதுதான். நிறுவனத்தின் அறிக்கையில் இந்தப் பங்குகள் முதல் கணக்கில் எண்ணிக்கை மாற்றமாக மட்டும் பதிவாகியிருந்தன, அதுவும் சரி.

என் முக்கியமான குறை இனிமேல்தான் வருகிறது. இதில் விதிமீறல் எதுவுமில்லை. மூன்றாம் ஆண்டில் அத்தைக்கு வந்த வருமானம் நன்றாக உயர்ந்தது. காரணத்தைத் தேடியபோது, நிறுவனம் வட்டி விகிதம் கூடுதலான பழைய கடன் பத்திரங்களைச் சந்தையில் முகமதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்கியிருந்தது தெரிந்தது. 100 முகமதிப்புள்ள பத்திரத்துக்கு 104 கொடுத்திருந்தார்கள். ஆண்டுதோறும் வரும் வட்டி முழுவதும் அத்தைக்கு. முதிர்வின்போது 100 மட்டுமே முதலுக்குத் திரும்பும். கூடுதலாகக் கொடுத்த அந்த 4, உண்மையில் உயர்ந்த வட்டிக்காக முன்கூட்டியே கொடுத்த விலை. அதை வட்டியிலிருந்து சிறிது சிறிதாகக் கழித்து முதலுக்கு ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. வட்டியாக வந்தது அப்படியே வருமானம் என்கிறது. ஆகவே ஒவ்வொரு பதிவும் சரி, மொத்தத்தில் முதல் கரைகிறது. முதலுக்கே மோசம் என்று நாம் சொல்வது இப்படிச் சத்தமில்லாமலும் நடக்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வட்டியே தராமல் தள்ளுபடி விலையில் விற்கப்படும் நீண்ட காலக் கடன் பத்திரங்களை வாங்கினால், ஓராண்டுக்கு மேல் கழித்து முதிரும்போது வரும் தொகை முழுவதும் முதலுக்குப் போகும். அத்தைக்கு ஒரு காசும் வராது. அதே வகைப் பத்திரம் வாங்கிய ஓராண்டுக்குள் முதிர்ந்தால் வாங்கிய விலைக்கு மேற்பட்ட தொகை வருமானம். நிறுவனம் குறுகிய கால அரசுக் கருவூலப் பத்திரங்களில் இந்த விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது. ஆக, எதை வாங்குகிறோம் என்ற முடிவிலேயே யாருக்கு எவ்வளவு என்பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கணக்குப் பிரிவுக்கு அந்தப் பத்திரம் வந்து சேரும்போது பங்கீடு நடந்து முடிந்திருக்கிறது. முதலீட்டுப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றனவா என்று எழுதிக் கேட்டேன். வந்த பதில், இரண்டும் தத்தம் விதிமுறைகளைப் பின்பற்றுகின்றன என்பது. நான் கேட்டது அதுவல்ல.

இப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே 1997ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலருக்கு ஒரு சரிக்கட்டும் அதிகாரத்தைத் தந்தது. 1994இல் வந்த முதலீட்டாளர் மாதிரிச் சட்டம், ஈவுத்தொகை எவ்வளவு என்று பார்க்காமல் மொத்த வளர்ச்சியைப் பார்த்து முதலீடு செய்யச் சொன்னது; அப்படிச் செய்தால் வருமானம் சுருங்கி முதல் வீங்கும், அல்லது தலைகீழாக நடக்கும். விதிகளைப் பின்பற்றிய பிறகும் இரு தரப்புக்கும் பாரபட்சமின்றி நடந்துகொள்ள முடியவில்லை என்று கண்டால், அறங்காவலர் முதலிலிருந்து வருமானத்துக்கோ வருமானத்திலிருந்து முதலுக்கோ ஒரு தொகையை மாற்றலாம். டிரஸ்ட்டின் நோக்கம், பயனாளிகளின் சூழ்நிலை, பணவீக்கம், வரி விளைவு எனப் பலவற்றை எடைபோட வேண்டும். தானே பயனாளியாக இருக்கும் அறங்காவலர் இதைத் தொடவே கூடாது. இந்த அதிகாரத்தைப் பற்றி மூன்று ஆண்டு அறிக்கைகளிலும் ஒரே வாக்கியம்தான் இருந்தது: ‘சரிக்கட்டல் எதுவும் செய்யப்படவில்லை.’ எடைபோட்டுப் பார்த்து வேண்டாம் என்றார்களா, எடைபோடவே இல்லையா என்று அந்த வாக்கியத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நான்காம் ஆண்டில், கடன் பத்திர விவகாரத்துக்குப் பிறகு, முதன்முறையாக ஒரு குறிப்பு இணைத்திருந்தார்கள். அரைப் பக்கம்தான், ஆனால் அத்தையின் வயது, பிற வருவாய், முதலின் வாங்கும் சக்தி ஆகிய மூன்றையும் பேசியிருந்தார்கள்.

மாற்று வழியாக, ஆண்டுதோறும் மொத்தச் சொத்து மதிப்பில் ஒரு நிலையான சதவீதத்தையே வருமானம் என வைத்துக்கொள்ளும் முறைக்கு மாறலாம் என்றும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். மாநிலச் சட்டம் இடங்கொடுத்தால் 3 முதல் 5 சதவீதம் வரை நியாயமான பங்கீடாக ஏற்கப்படும் என்று அமெரிக்க வரித்துறை விதி கூறுகிறது. அப்படி மாறினால் காயா மரமா என்ற கேள்வியே எழாது. சந்தை உயர்ந்தால் இரு தரப்பும் உயர்வார்கள், விழுந்தால் இருவரும் விழுவார்கள். அத்தை விழத் தயாராக இல்லை. அவருடைய வயதில் நானும் தயாராக இருக்கமாட்டேன். யோசனையைக் கிடப்பில் போட்டோம்.

இணையத்தளத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டில் எல்லா வரவும் ஒரே பத்தியில் இருந்தன. இப்போது வருமானத்துக்கு ஒன்று, முதலுக்கு ஒன்று என இரண்டு பத்திகள், எதற்காக அந்தப் பத்தி என்று சுருக்கக் காரணத்துக்கு ஒரு கட்டம். பாதி வரிகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. வரிப் படிவத்திலும் குழப்பம் உண்டு. டிரஸ்ட் வருமானத்தில் பயனாளியின் பங்கை வரிக்காகக் காட்டும் கே-1 படிவம் அத்தைக்கு வருகிறது; அதில் உள்ள தொகையும் அவர் கைக்கு வந்த தொகையும் ஒத்துப்போவதில்லை. வரிக்கணக்கின் வருமானம் வேறு, டிரஸ்ட் கணக்கின் வருமானம் வேறு என்பதே காரணம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் அவர் என்னை அழைக்கிறார், ஆண்டுதோறும் அதையே விளக்குகிறேன். படிவத்தோடு ஒரு ஒப்பீட்டுத் தாளை வைத்தனுப்பினால் போதும் என்று இருமுறை எழுதியாகிவிட்டது.

கட்டடமும் வங்கி வைப்பும் மட்டுமே உள்ள எளிய டிரஸ்ட்டுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பரஸ்பர நிதிகளும் கடன் பத்திரங்களும் நிறைந்த டிரஸ்ட் என்றால், மூல ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பொறுமையுள்ள ஒருவர் குடும்பத்தில் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணப் பற்று பாதிக்குப் பாதியாக எழுதப்படும் என்பதையும், டிசம்பர் விநியோகங்கள் கூறு கூறாகக் காட்டப்படும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நாங்கள் ஓராண்டுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம். முகமதிப்புக்கு மேல் வாங்கிய பத்திரங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றிலும் முதல் எவ்வளவு இழக்கும் என்ற கணக்கையும் அடுத்த காலாண்டு அறிக்கையோடு தருவதாக எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள். வந்ததும் இந்த மதிப்புரையில் சேர்க்கிறேன்.